சூரை மீன் ஏன் இடம் மாறுகிறது? கடல்நீரின் நிலையும் மீன்பிடித் தொழிலும்

உலகக் கடல்களில் ஓராண்டில் பிடிக்கப்படும் சூரை மீனின் அளவு ஏறத்தாழ 50 லட்சம் டன். அதில் பாதிக்கும் மேற்பட்டது ஒரே ஒரு பரப்பிலிருந்து வருகிறது. இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் தீவுகளில் தொடங்கி, கிழக்கே கிரிபட்டி நாட்டையும் கடந்து விரியும் மேற்குப் பசிபிக்கும் நடுப் பசிபிக்கும்தான் அந்தப் பரப்பு. டப்பாவில் அடைத்து விற்கப்படும் சூரையில் பெரும்பகுதி இங்கே பிடிபடும் வரிச்சூரை. ஆனால் இப்பரப்புக்குள் மீன் எங்கே திரளும் என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது. ஓராண்டு பப்புவா நியூ கினியின் கடலில் நிறையக் கிடைத்த மீன், அடுத்த ஆண்டு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கிழக்கே கிரிபட்டியின் கடலில் கிடைக்கக்கூடும். மீன் தன் விருப்பப்படி அலைவதுபோலத் தோன்றினாலும், அதன் பின்னால் நீரின் வெப்பம், நீரில் கரைந்துள்ள ஆக்சிஜன், இரை ஆகிய மூன்றும் இருக்கின்றன. இம்மூன்றும் எங்கே ஒருசேரக் கிடைக்கின்றனவோ அங்கேதான் சூரை தங்கும்.

சூரைக்கு இம்மூன்றும் ஏன் இவ்வளவு இன்றியமையாதவை என்பதை அதன் உடலமைப்பே சொல்லிவிடுகிறது. பெரும்பாலான மீன்கள் நின்ற இடத்திலேயே செவுள் மூடியை அசைத்து நீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். சூரையால் அது முடியாது. வாயைத் திறந்தபடி இடைவிடாமல் நீந்தினால்தான் செவுள்களின் வழியே நீர் பாயும். நீந்துவதை நிறுத்தினால் மூச்சும் நின்றுவிடும். இரவும் பகலும் ஓயாமல் நீந்துவதற்கு நிறைய ஆக்சிஜனும் நிறைய உணவும் தேவைப்படுகின்றன. அத்துடன், தசைகள் உண்டாக்கும் வெப்பம் செவுள்களின் வழியே நீரில் கலந்து வீணாகிவிடாதபடி தடுக்கும் இரத்தக்குழாய்ப் பின்னல் ஒன்று அதன் உடலில் உண்டு. வெளியே போகும் சூடான இரத்தமும் உள்ளே வரும் குளிர்ந்த இரத்தமும் அருகருகே எதிரெதிர்த் திசையில் ஓடுவதால், வெப்பம் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறி உடலுக்குள்ளேயே தங்கிவிடுகிறது. இதனால் சூரையின் நீந்துதசை சுற்றியுள்ள நீரைவிடச் சூடாக இருக்கிறது. இதயத்துக்கு மட்டும் இந்தப் பாதுகாப்பு இல்லை. செவுளில் நீரின் அளவுக்குக் குளிர்ந்து வரும் இரத்தத்தின் வெப்பநிலையிலேயே அது இயங்குவதால், மிகவும் குளிர்ந்த நீருக்குள் செல்லும் சூரையின் இதயத்துடிப்பு மந்தமாகிவிடுகிறது.

எல்லாச் சூரைகளின் தேவையும் ஒரே அளவில் இருப்பதில்லை. வணிக முக்கியத்துவம் உள்ள சூரை இனங்கள் ஏழு. அவற்றில் வெப்பமண்டலக் கடல்களில் மூன்று மேலோங்கி நிற்கின்றன. வரிச்சூரை மேல்நீரில் வாழும் மீன். ஏறத்தாழ 18 டிகிரி செல்சியசுக்குக் கீழான குளிரையும் ஆக்சிஜன் குறைந்த நீரையும் அது தவிர்த்துவிடும். மஞ்சள் துடுப்புச் சூரை சற்று ஆழமாக இறங்கும் என்றாலும், மேற்பரப்பு நீரைவிட 8 டிகிரிக்கு மேல் குளிர்ந்த நீரில் அதிக நேரம் தங்குவதில்லை என்று, உடலில் பொருத்திய கருவிகள் வழியாகச் செய்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பெருங்கண் சூரையின் வாழ்க்கைமுறை முற்றிலும் வேறானது. பகலில் 300 முதல் 500 மீட்டர் ஆழத்துக்கு இறங்கி, 10 டிகிரி அளவிலான குளிர்நீரில் கணவாயையும் விளக்கு மீன்களையும் வேட்டையாடிவிட்டு, உடலைச் சூடாக்கிக்கொள்ள அவ்வப்போது மேலே வந்து திரும்பவும் இறங்கும். வரிச்சூரைக்குத் தேவையான ஆக்சிஜனில் பாதிக்கும் குறைவாக இருந்தாலும் அது தாங்கிக்கொள்ளும்.

வெப்பமண்டலக் கடலை மேலிருந்து கீழாக ஒரு வெட்டுமுகமாகக் கற்பனை செய்தால் இதன் பொருள் தெளிவாகும். காற்றும் அலையும் கலக்கிவிடுவதால் மேலே ஒரு சூடான அடுக்கு ஏறத்தாழ ஒரே வெப்பநிலையில் இருக்கும். அதற்குக் கீழே, சில பத்து மீட்டர் ஆழம் இறங்குவதற்குள் வெப்பநிலை 10 டிகிரிக்கும் மேல் வீழ்ந்துவிடும் ஓர் இடைநிலை அடுக்கு உண்டு. இதை வெப்பச்சரிவு அடுக்கு என்கிறோம். அதற்கும் கீழே இருப்பது குளிர்ந்த, இருண்ட ஆழ்நீர். வரிச்சூரைக்கும் பெரும்பாலும் மஞ்சள் துடுப்புச் சூரைக்கும் இந்த வெப்பச்சரிவு அடுக்கு வீட்டின் தரையாகவே அமைந்துவிடுகிறது. மேற்குப் பசிபிக்கில் இந்தத் தரை 150 முதல் 200 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. தென் அமெரிக்கக் கரையை ஒட்டிய கிழக்குப் பசிபிக்கிலோ 50 மீட்டருக்கும் குறைவான ஆழத்திலேயே அது தொடங்கிவிடுகிறது. அங்கே அதன் கீழே ஆக்சிஜன் மிகக் குறைந்த நீர் பரந்து கிடப்பதால், மீன் இன்னும் நெருக்கமாக மேல்நீருக்குள் அடைபட்டு வாழ்கிறது.

இனி இரைக்கு வருவோம். ஆரம்பநிலை வாசகருக்கு இங்கே ஒரு புதிர் எழும். கடலில் உணவு உண்டாவதற்குச் சூரிய ஒளியும் சத்துக்களும் வேண்டும். நைட்ரேட்டு முதலிய சத்துக்கள் குளிர்ந்த ஆழ்நீரில்தான் மிகுதியாக இருக்கின்றன. அவை மேலே வரும் இடங்களில் நுண்பாசிகள் பெருகி, கடல் பச்சை நிறம் கொள்ளும். பசிபிக்கில் நிலநடுக்கோட்டை ஒட்டிக் கிழக்கிலும் நடுப்பகுதியிலும் ஆழ்நீர் இவ்வாறு மேலெழுகிறது. மேற்கே, 28 டிகிரிக்கும் மேல் சூடான நீர் பரந்து கிடக்கும் வெந்நீர்த் தேக்கத்தில் சத்துக்கள் மிகவும் குறைவு. தெளிந்த நீலமாகத் தோன்றும் அந்த நீர் உணவு வளம் குன்றியது. அப்படியிருக்க, உலகிலேயே அதிகமான சூரை அந்தத் தேக்கத்தில் பிடிபடுவது எப்படி?

விடை நேரத்திலும் நீரோட்டத்திலும் இருக்கிறது. கிழக்கே மேலெழுந்த நீர், நிலநடுக்கோட்டு நீரோட்டத்தோடு மேற்கு நோக்கி நகர்ந்துகொண்டே போகிறது. அதில் நுண்பாசி பெருகச் சில நாட்கள் போதும். அதைத் தின்னும் மிதவையுயிரிகள் வளர வாரங்கள் ஆகும். அவற்றை உண்டு நெத்திலி போன்ற சிறுமீன்களும் கணவாய்க் குஞ்சுகளும் சூரைக்கு இரையாகும் அளவை எட்ட மாதங்கள் ஆகிவிடும். அதற்குள் அந்த நீர் வெகுதூரம் மேற்கே சென்று, வெந்நீர்த் தேக்கத்தின் கிழக்கு விளிம்பை அடைந்துவிடும். உப்புத்தன்மை குறைந்த சூடான நீரும் உப்பு மிகுந்த குளிர்ந்த நீரும் அங்கே ஒன்றையொன்று எதிர்கொண்டு கூடுகின்றன. இரண்டு திசையிலிருந்தும் அடித்து வரப்பட்ட இரை அங்கே சேர்ந்து நிற்கிறது. வரிச்சூரைக்குத் தேவையான வெப்பம் ஒரு பக்கத்திலும் உணவு மறுபக்கத்திலும் இருக்க, விளிம்பில் அதற்கு இரண்டும் கிடைத்துவிடுகின்றன. எனவே பச்சையம் மிகுந்த இடமெல்லாம் சூரை மிகுந்த இடம் என்று செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து முடிவு கட்டிவிடக் கூடாது. உணவு உண்டாகும் இடமும் அது உண்ணப்படும் இடமும் பல நூறு கிலோமீட்டர் விலகியிருக்கலாம்.

இந்த விளிம்பு நிலையாக நிற்பதில்லை. வழக்கமான ஆண்டுகளில் கிழக்கிலிருந்து வீசும் வணிகக் காற்று, அகன்ற தாம்பாளத்தில் உள்ள நீரை ஒரு பக்கமாக ஊதித் தள்ளுவதைப் போல, சூடான மேல்நீரை ஆசியப் பக்கம் ஒதுக்கி வைக்கிறது. இதனால் பசிபிக்கின் மேற்குக் கரையில் கடல்மட்டம் கிழக்குக் கரையைவிட ஏறத்தாழ அரை மீட்டர் உயர்ந்திருக்கும். எல் நினோ ஆண்டுகளில் அந்தக் காற்று தளர்ந்துவிடுகிறது. ஒதுங்கியிருந்த சூடான நீர் கிழக்கு நோக்கிப் பரவ, வெந்நீர்த் தேக்கத்தின் விளிம்பும் அதோடு கிழக்கே போகிறது. லா நினா ஆண்டுகளில் காற்று வலுத்து, தேக்கம் மேற்கே சுருங்கிக்கொள்கிறது. பத்ரிக் லெஹோதே என்ற அறிவியலாளரும் அவருடைய குழுவினரும் 1997-இல் வெளியிட்ட ஆய்வு, குறியிட்டு விடப்பட்ட வரிச்சூரைகளின் நகர்வையும் கப்பல்கள் பிடித்த மீனின் இடங்களையும் இந்த விளிம்பின் நகர்வோடு ஒப்பிட்டுப் பார்த்து, மூன்றும் ஒன்றாகவே நகர்வதைக் காட்டியது. எல் நினோ வருமா என்பதைச் சில மாதங்களுக்கு முன்பே ஓரளவு கணிக்க முடிவதால், மீன் எந்தப் பக்கம் போகும் என்பதையும் முன்கூட்டியே ஓரளவு சொல்ல முடியும் என்ற நம்பிக்கை அப்போது பிறந்தது.

மீன் நகரும்போது கப்பல்களும் பின்தொடர்கின்றன. தொழில்முறைக் கப்பல்களுக்கு இது எரிபொருள் செலவைக் கூட்டும் தொல்லை என்ற அளவோடு நின்றுவிடலாம். சிறு தீவு நாடுகளுக்கோ அரசின் வருமானமே இதில்தான் அடங்கியிருக்கிறது. கிரிபட்டியின் நிலப்பரப்பு 811 சதுர கிலோமீட்டர்தான். ஆனால் கரையிலிருந்து 200 கடல்மைல் வரையான அதன் பொருளாதார மண்டலம் 30 லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்டது. வேறு வளம் அதிகம் இல்லாத அந்நாட்டில், தன் கடலில் மீன்பிடிக்க வெளிநாட்டுக் கப்பல்கள் செலுத்தும் கட்டணம் அரசு வருவாயில் பாதிக்கும் மேற்பட்டது. எல் நினோ வந்தால் மீன் கிரிபட்டி, துவாலு பக்கம் சாய்கிறது. லா நினா வந்தால் பப்புவா நியூ கினி, சாலமன் தீவுகள், மைக்ரோனேசியக் கூட்டாட்சி ஆகியவற்றின் பக்கம் சாய்கிறது. இவ்வாறு ஒரே மீன்வளம் பல நாடுகளின் எல்லைகளை மாறி மாறிக் கடந்தபடியே இருக்கிறது.

இதற்கு அந்நாடுகள் கண்ட தீர்வை நான் பெரிதும் மதிக்கிறேன். 1982-இல் நவுரு உடன்படிக்கையில் ஒன்றிணைந்த நாடுகள் இன்று எட்டு. அவை 2007-இல் கப்பல்-நாள் திட்டத்தைத் தொடங்கின. இவ்வளவு டன் மீன் என்று கணக்கிடாமல், சுருக்குமடிக் கப்பல் ஒன்று தங்கள் கடலில் மீன்பிடிக்கும் ஒவ்வொரு நாளையும் விற்பதே இத்திட்டம். ஆண்டுக்கு மொத்தம் எத்தனை நாட்கள் என்று கூட்டாக வரம்பு வகுத்து, அதைத் தங்களுக்குள் பங்கிட்டுக்கொள்கிறார்கள். ஒரு நாட்டின் கடலில் மீன் குறைந்துபோன ஆண்டில், அந்நாடு பயன்படுத்தாத நாட்களை மீன் மிகுந்திருக்கும் உறுப்பு நாட்டுக்கு மாற்றிக் கொடுத்து வருமானம் பெறலாம். ஒரு நாளுக்குக் குறைந்தபட்சக் கட்டணமாக 8,000 அமெரிக்க டாலர் நிர்ணயிக்கப்பட்டது. 2010 வாக்கில் ஆண்டுக்கு 6 கோடி டாலராக இருந்த இந்நாடுகளின் கூட்டு வருமானம், அடுத்த பத்தாண்டுக்குள் 50 கோடி டாலர் அளவுக்கு உயர்ந்தது. கடலின் அலைவைத் தடுக்க முடியாது என்பதை ஒப்புக்கொண்டு, அந்த அலைவுக்கு ஏற்பவே சட்டத்தை வடிவமைத்ததுதான் இதன் சிறப்பு.

இதுவரை கிழக்கு, மேற்கு என்ற நகர்வைப் பார்த்தோம். ஆழத்தில் நிகழும் மாற்றம் பிடிப்பின் மீது செலுத்தும் தாக்கம் இதைவிடக் குறைந்ததல்ல. ஆனால் அது பலர் கண்ணில் படுவதில்லை. சுருக்குமடி வலை மீன்கூட்டத்தைச் சுற்றி வளைத்து, அடிப்பக்கத்தைக் கயிற்றால் இறுக்கி மூடும் வலை. சூரைக் கப்பல்களின் வலை ஒன்றரை முதல் இரண்டு கிலோமீட்டர் நீளமும், 200 மீட்டரைத் தாண்டும் ஆழமும் கொண்டது. அடியை இறுக்குவதற்குள் மீன் கீழ்நோக்கிப் பாய்ந்து தப்பிவிடலாம். வெப்பச்சரிவு அடுக்கு மேலே இருந்தால் மீன் அந்தக் குளிர்ந்த தரையைத் தாண்டிக் கீழே இறங்கத் தயங்கும். வலை வெற்றி பெறும். அடுக்கு ஆழத்தில் இருந்தால் மீனுக்குத் தப்பியோட இடம் இருக்கும். அதே அளவு மீன் அதே இடத்தில் இருந்தும் வலை வெறுமையாக ஏறும்.

இதற்கு வரலாற்றில் இரண்டு சான்றுகள் உண்டு. 1982-83 எல் நினோவின்போது கிழக்குப் பசிபிக்கில் வெப்பச்சரிவு அடுக்கு ஆழத்துக்கு இறங்கிவிட்டதால் அங்கே மஞ்சள் துடுப்புச் சூரையின் பிடிப்பு சரிந்தது; அமெரிக்கச் சுருக்குமடிக் கப்பல்கள் பல மேற்குப் பசிபிக்குக்கு இடம் பெயர்ந்தன. 1984-இல் அட்லாண்டிக்கின் கினி வளைகுடாப் பகுதியிலும் இதுவே நிகழ்ந்தது. அங்கே மீன்பிடித்துவந்த பிரெஞ்சு, ஸ்பானியக் கப்பல்களில் பெரும்பகுதி மேற்கு இந்தியப் பெருங்கடலுக்கு வந்து, சீஷெல்ஸ் நாட்டின் விக்டோரியா துறைமுகத்தைத் தளமாகக் கொண்டன. கடலின் நிலை சீரானதும் அட்லாண்டிக்கில் பிடிப்பு மீண்டுவிட்டது. பிடிப்பு வீழ்ந்தவுடன் மீன் அழிந்துவிட்டது என்று அஞ்சுவதும், பிடிப்பு ஏறியவுடன் மீன் பெருகிவிட்டது என்று மகிழ்வதும் ஒரே வகைப் பிழை. மீன் எவ்வளவு இருக்கிறது என்பதும் எவ்வளவு எளிதாகச் சிக்குகிறது என்பதும் தனித்தனிக் கேள்விகள். முதல் கேள்விக்கு விடை காண்பதற்கு முன் இரண்டாவதைக் கழித்துப் பார்க்க வேண்டும்.

ஆயிரங்கால் தூண்டிலுக்கும் ஆழம்தான் உயிர். பல பத்துக் கிலோமீட்டர் நீளமுள்ள தாய்க்கயிற்றில் ஆயிரக்கணக்கான கிளைக்கயிறுகளைக் கட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு கொக்கியை இரையோடு தொங்கவிடும் முறை இது. கயிற்றைத் தாங்கும் இரண்டு போயாக்களுக்கு (மிதவைகளுக்கு) இடையே தொங்கும் கொக்கிகளின் எண்ணிக்கையைக் கூட்டினால், கயிறு வளைந்து ஆழமாக இறங்கும். 1970-களில் ஜப்பானியக் கப்பல்கள் இவ்வாறு ஆழத்தில் தூண்டிலிடத் தொடங்கியபோது பெருங்கண் சூரையின் பிடிப்பு வெகுவாக உயர்ந்தது. அதுவரை அந்த மீன் கொக்கிக்குக் கீழே உலவிக்கொண்டிருந்தது. இன்று சூரை வணிகத்தில், பச்சையாக உண்ணும் ஜப்பானிய உணவான சஷிமிக்காக நல்ல விலைக்குப் போகும் பெருங்கண் சூரையைப் பிடிப்பவர்கள், நீரின் வெப்பநிலை ஆழத்துக்கு ஆழம் எப்படி மாறுகிறது என்பதை அறியாமல் கயிறு விடுவதில்லை.

இந்தியப் பெருங்கடலுக்கு எல் நினோ மட்டுமன்றி அதற்கே உரிய அலைவுகளும் உண்டு. தென்மேற்குப் பருவக்காற்று சோமாலியக் கரையில் ஆழ்நீரை மேலெழச் செய்து, அரபிக்கடலின் மேற்குப் பகுதியை உணவால் நிரப்புகிறது. அதோடு, இருமுனை அலைவு என்று அழைக்கப்படும் நிகழ்வில் இக்கடலின் மேற்குப் பாதியும் கிழக்குப் பாதியும் மாறி மாறிச் சூடாகவும் குளிராகவும் ஆகின்றன. 1997-98-இல் வலிமையான எல் நினோவும் இருமுனை அலைவும் சேர்ந்து வந்தபோது, மேற்குப் பகுதியில் நீர் சூடேறி, வெப்பச்சரிவு அடுக்கு கீழே இறங்கி, பச்சையமும் குறைந்தது. வழக்கமாக சீஷெல்சைச் சுற்றி மீன்பிடிக்கும் கப்பல்கள் கிழக்கு நோக்கிச் சென்றன. இதற்கு நேர்மாறாக, 2003 தொடங்கிச் சில ஆண்டுகள் மேற்கு இந்தியப் பெருங்கடலில் இரை மிகுந்து மீன் நெருக்கமாகத் திரண்டதால், 2004-இல் இப்பெருங்கடலின் மஞ்சள் துடுப்புச் சூரைப் பிடிப்பு 5 லட்சம் டன்னைத் தாண்டியது. அந்த அளவை அதன் பிறகு வந்த ஆண்டுகளில் தக்கவைக்க முடியவில்லை.

தமிழர்களில் இதை நேரடியாக அனுபவிப்பவர்கள் குமரி மாவட்டத்தின் தூத்தூர் வட்டாரக் கடற்கரை ஊர்களைச் சேர்ந்த ஆழ்கடல் மீனவர்கள். வாரக்கணக்கில் கடலில் தங்கி, தூண்டிலாலும் வழிவலையாலும் சுறாவும் சூரையும் பிடிக்கும் இவர்கள் அரபிக்கடலின் வெகுதூரம் வரை செல்கிறார்கள். அரபிக்கடலில் ஏறத்தாழ 150 மீட்டருக்குக் கீழே ஆக்சிஜன் மிகவும் குறைந்த நீர் தடித்த அடுக்காகக் கிடப்பதால், மஞ்சள் துடுப்புச் சூரை மேல்நீரிலேயே நெருங்கி வாழ்கிறது. ஆழம் குறைந்த தூண்டிலுக்கும் அது சிக்குவது இதனால்தான். ஹைதராபாத்தில் உள்ள இந்திய தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம், செயற்கைக்கோள்கள் அளக்கும் மேற்பரப்பு வெப்பநிலையையும் பச்சையத்தையும் கொண்டு, மீன் கிடைக்கக்கூடிய பகுதிகளை அறிவிக்கிறது. சூரைக்கென்று தனி அறிவிப்பும் வெளியிடுகிறது. இவ்வறிவிப்புகள் தேடும் நேரத்தையும் டீசலையும் மிச்சப்படுத்துகின்றன. எனினும், செயற்கைக்கோள் கடலின் மேற்பரப்பை மட்டுமே பார்க்கிறது என்பதை நினைவில் கொள்ள வேண்டும்; கீழே அடுக்குகள் எப்படி இருக்கின்றன என்பதை, நீவாடு (நீரோட்டம்) எந்தப் பக்கம் இழுக்கிறது, கயிறு எப்படிச் சாய்கிறது என்று பார்த்துப் பழகிய மீனவரின் அறிவும், கடலில் மிதந்தபடி ஆழத்தை அளக்கும் கருவிகளும்தான் நிறைவு செய்கின்றன.

கடல் தொடர்ந்து சூடேறிவரும் இக்காலத்தில், இந்த அலைவுகளுக்கு மேலே ஒரே திசையிலான மெதுவான நகர்வு ஒன்றும் சேர்ந்துகொள்கிறது. பசிபிக் தீவுகளைப் பற்றி 2021-இல் வெளியான ஆய்வொன்று, கரியமில வாயு வெளியேற்றம் கட்டுக்குள் வராவிட்டால், 2050-க்குள் பத்துத் தீவு நாடுகளின் கடலில் உள்ள மூன்று சூரை இனங்களின் மொத்த எடை சராசரியாக 13 விழுக்காடு குறையக்கூடும் என்றும், அதனால் அந்நாடுகளுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 9 கோடி டாலர் வருமானம் குறையலாம் என்றும் கணித்தது. இக்குறைவுக்கு முதன்மைக் காரணம், மீன் கிழக்கே நகர்ந்து எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத பொதுக்கடலுக்குள் போய்விடும் என்பதே. பொதுக்கடலில் கப்பல்-நாள் கட்டணத்தை இந்நாடுகள் விதிக்க முடியாது. அதே கப்பல் அதே வலையால் அதே மீன்கூட்டத்தை எல்லைக்கு ஒரு கடல்மைல் அப்பால் பிடித்தால், கிரிபட்டிக்கோ துவாலுவுக்கோ எதுவும் கிடைக்காது. மீன் எங்கே நகர்ந்தாலும் இன்று தங்களுக்குள்ள பங்கு குறையாதபடி பன்னாட்டு விதிகள் அமைய வேண்டும் என்பது அந்நாடுகளின் வாதம். கடலைச் சூடேற்றிய புகையில் அந்தத் தீவுகளின் பங்கு மிகச் சொற்பம் என்பதால், அந்த வாதத்தை நான் முழுமையாக ஏற்கிறேன்.